ஸ்பேனர் வைத்தியம்

மகேந்திரவர்ம பல்லவருக்கு ஒரு பெருமை உண்டு. செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்புச் சாந்தும் இல்லை. இது எதுவுமே இல்லாமல் கோயில் எழுப்பிவிட்டேன் என்று மண்டகப்பட்டில் கல்லிலேயே வெட்டி வைத்துவிட்டுப் போனார். ஏழாம் நூற்றாண்டு சமாசாரம். விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் நடுவில் ஒரு பாறையைக் குடைந்து பிரம்மா, சிவன், விஷ்ணு மூன்று பேருக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார். 'மத்தவிலாசப் பிரகசனம்' என்று ஒரு கிண்டல் நாடகம் எழுதிய ராஜாவும் இவர்தான் என்பதால், இவர்மேல் எனக்கு ஒரு தொழில்முறைப் பாசம் உண்டு.

அந்த 'உலோகம் இல்லாமல்' என்ற வார்த்தைதான் எனக்கு உறுத்தியது. குடைவரையை விட்டு வெளியே வந்து சுற்றிப் பார்த்தால், அதே ஊரில் இப்போது உலோகம் இல்லாத இடமே இல்லை. டிராக்டர், பவர் டில்லர், அறுவடை மிஷின், கரும்புக் கொல்லையில் ஒரு மிஷின், மல்லாட்டைக்கு ஒரு மிஷின். (மல்லாட்டை என்றால் என்ன என்று கேட்கும் வெளி ஜில்லா வாசகர்களுக்கு: வேர்க்கடலை. விழுப்புரத்தில் வேர்க்கடலை என்று கேட்டால் உங்களை மெட்ராஸ்காரர் என்று கண்டுபிடித்து விலையை ஏற்றிவிடுவார்கள்.) ஒரு மிஷினின் சத்தம் ஓய்வதற்குள் இன்னொன்று ஆரம்பிக்கிறது. விவசாயி அதிர்ஷ்டசாலி, வேலை சுலபமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டே டீக்கடைக்கு வந்தேன்.

டீக்கடையில் 108 ஆம்புலன்ஸ் தம்பி ஒருவர் வடையோடு உட்கார்ந்திருந்தார். வண்டி புளியமர நிழலில். வடை பாதி உள்ளே போகும்போது அழைப்பு வரக்கூடாதே என்கிற கவலை அவர் முகத்தில் நிரந்தரமாக இருந்தது. என் அதிர்ஷ்டசாலி விவசாயி தத்துவத்தை அவரிடம் சொன்னேன். வடையைக் கீழே வைத்தார்.

"சார், ரோட்டு ஆக்ஸிடென்ட்டுன்னா எனக்கு ஒண்ணும் பயமில்லை. அடிபட்டவர் கீழே கிடப்பார். ரத்தத்தை நிறுத்துவேன், கழுத்தைக் கட்டுவேன், தூக்குவேன், முண்டியம்பாக்கம் போயிடுவேன். கழனியில அப்படி இல்லை. ஆள் மிஷினுக்குள்ளயே இருப்பாரு."

"அப்ப என்ன செய்வீங்க?"

"மெக்கானிக்கைத் தேடுவேன்."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

யோசித்துப் பார்த்தால் அதில் சிரிக்க ஒன்றுமில்லை. பவர் டில்லரின் பின்னால் சுழலும் பிளேடுகளில் ஒருவர் கால் மாட்டிக்கொண்டது என்று வையுங்கள். அக்கம்பக்கத்து ஜனங்கள் முதலில் செய்ய நினைப்பது என்ன? ரிவர்ஸ் போட்டு எடுப்பது. நூல்கண்டு சிக்கினால் திருப்பிச் சுற்றுவோமே, அந்த நியாயம். ஆனால் காலுக்கு நூல்கண்டு நியாயம் செல்லாது. உள்ளே போகும்போது கிழிந்தது, திரும்பி வரும்போது இன்னொரு தடவை கிழியும். அழுத்திக்கொண்டிருந்த இரும்பு விலகியதும், அதுவரை அடைபட்டிருந்த ரத்தம் மடை திறந்த மாதிரி வரும். செய்ய வேண்டியது இன்ஜினை நிறுத்துவது, பெல்ட்டைக் கழற்றுவது, பிளேடைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்ப்பது. அவசியமானால் பிளேடோடு சேர்த்தே ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது. அதாவது அந்த நேரத்தில் அந்த மனிதருக்கு முதல் வைத்தியர் ஸ்டெதாஸ்கோப் வைத்திருப்பவர் இல்லை. பதினாலாம் நம்பர் ஸ்பேனர் வைத்திருப்பவர்.

நான் அந்த வட்டாரத்து மெக்கானிக் ஒருவரைப் பிடித்து இதைக் கேட்டேன். கையெல்லாம் கிரீஸ். "ஆமா சார், ரெண்டு மூணு தபா என்னை வந்து கூட்டிக்கினு போயிருக்காங்க. நாலு போல்ட்டைக் கழட்டினா தனியா வந்துடும். ஆனா நான் போறதுக்குள்ளாற யாராவது ஒரு பெரியவர் 'இழுடா'ன்னுடுவாரு. அந்தப் பெரியவரை முதல்ல புடிச்சுக் கட்டணும்."

எல்லா விபத்துகளிலும் அந்தப் பெரியவர் இருக்கிறார். டாக்டர் வருவதற்கு முன், ஆம்புலன்ஸ் வருவதற்கு முன், எங்கிருந்தோ அவர் வந்துவிடுகிறார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உத்தரவு போடுகிறார். அவர் கெட்டவர் இல்லை. ஊரில் முதலில் ஓடி வருபவரே அவர்தான். அதனால்தான் சொல்கிறேன், கிராமத்து அவசர உதவிப் பயிற்சி என்று ஒன்று நடத்துவதாக இருந்தால் முதல் பெஞ்சில் அவரை உட்கார வைக்க வேண்டும்.

டிராக்டரின் பின்னால் ஒரு தண்டு சுழலும். கதிரடிக்கும் மிஷின், பம்ப் எல்லாவற்றுக்கும் அதிலிருந்துதான் சக்தி. பி.டி.ஓ. ஷாஃப்ட் என்பார்கள். அதன் வழக்கமான வேகம் நிமிஷத்துக்கு 540 சுற்று. கேட்கும்போது பெரிதாகத் தெரியாது. வகுத்துப் பார்த்தேன், நொடிக்கு 9 சுற்று வருகிறது. தண்டின் குறுக்களவு 8 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்கு 25 சென்டிமீட்டர் துணியை விழுங்கும். ஒரு நொடிக்கு இரண்டு மீட்டருக்கு மேல். நாலு முழ வேட்டியின் மொத்த நீளமே ஏறக்குறைய இரண்டு மீட்டர்தான். அதாவது வேட்டி நுனி மாட்டியது என்று நீங்கள் உணர்ந்து, "ஐயோ" என்று சொல்லலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதற்குள் வேட்டி முழுக்க உள்ளே போயிருக்கும். வேட்டி மட்டும் போனால் மானத்தோடு போயிற்று. வேட்டிக்குள் ஆள் இருக்கிறாரே. புடவை முந்தானை, தோளில் தொங்கும் துண்டு, பின்னி விட்ட சடை எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

அந்தத் தண்டுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை உண்டு. வாங்கும்போது இருக்கும். முதல் ரிப்பேரில் கழற்றுவார்கள். பிறகு அதில் கோழிக்குத் தண்ணீர் வைப்பார்கள்.

சட்டம் இல்லாமலா? இருந்தது, சார். வடக்கே கோதுமைப் பிரதேசங்களில் கதிரடிக்கும் மிஷின்கள் பெருகி, கை கைகளாகப் போக ஆரம்பித்த பிறகு, 1983-ல் நாடாளுமன்றம் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் என்று ஒன்று போட்டது. கதிரை உள்ளே தள்ளும் வாய் கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர் நீளம் இருக்க வேண்டும், அதில் பாதி மேலே மூடியிருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயமும் வகுத்தார்கள். மனுஷன் கை அவ்வளவு தூரம் எட்டாது என்கிற எளிய கணக்கு. டில்லி ஐ.ஐ.டி. பேராசிரியர் தினேஷ் மோகன் (2021-ல் காலமானார்) ஹரியானா கிராமங்களில் இந்தக் காயங்களைத் தேடிப் போய் ஆராய்ந்தார். மாட்டுக்குத் தீவனம் நறுக்கும் மிஷினில் விரலைக் கொடுப்பவர்களில் குழந்தைகள் அதிகம் என்று கண்டார். அந்தப் பெரிய சக்கரம் குழந்தைக்கு ராட்டினம் மாதிரி தெரிகிறது. அவரும் சகாக்களும் சக்கரத்துக்கு ஒரு பூட்டு, கத்திக்கு ஒரு மறைப்பு என்று சில்லறைச் செலவில் மாற்றி அமைத்துக் காட்டினார்கள். நம் ஊரில் இம்மாதிரி ஆட்களுக்குச் சிலை வைப்பதில்லை.

சுவீடன்காரர்கள் 1959-லேயே புது டிராக்டர் எல்லாவற்றுக்கும், கவிழ்ந்தால் ஓட்டுநர் நசுங்காமல் தாங்கும் இரும்புச் சட்டம் கட்டாயம் என்றார்கள். அதன் பிறகு அங்கே டிராக்டர் கவிழ்ந்து சாவது வெகுவாகக் குறைந்தது. நம் டிராக்டர்கள் பலவற்றின் தலைமேல் இருப்பது வெயிலுக்குப் போட்ட கூரை. அதில் சாமி படமும், இரண்டு ஸ்பீக்கரும் இருக்கும். கவிழ்ந்தால் சாமிதான் தாங்க வேண்டும்.

கவிழ்ந்த டிராக்டருக்கு அடியில் ஆள் இருந்தால் எல்லோரும் தூக்கப் பார்ப்பார்கள். அல்லது இன்னொரு டிராக்டரைக் கொண்டு வந்து சங்கிலி போட்டு இழுப்பார்கள். பாதி தூக்கி, கை நழுவி, மறுபடி அவர்மேலேயே வைத்துவிடுவதும் உண்டு. இன்ஜினை நிறுத்தி, வண்டி மேலும் சரியாமல் கல்லையும் கட்டையையும் அண்டைக் கொடுத்துவிட்டு, அவருக்குக் கீழே இருக்கும் மண்ணைத் தோண்டி எடுப்பது பல சமயங்களில் சுலபம். சேற்றுக் கழனியில் மண்வெட்டிக்குப் பஞ்சமா? டிராக்டரைத் தூக்க முப்பது பேர் வேண்டும். மண்ணைத் தோண்ட ஒரு நிதானமான ஆள் போதும்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில், 1980-களின் தொடக்கத்தில், 'ஃபார்மெடிக்' என்று ஒரு பயிற்சி ஆரம்பித்தார்கள். நியூயார்க் என்றதும் நமக்கு நினைவு வருவது வானளாவிய கட்டடங்கள். ஆனால் அந்த மாநிலத்தில் பால் பண்ணைகள் ஏராளம். ஆம்புலன்ஸ் ஆட்களும் தீயணைப்புத் தொண்டர்களும் பண்ணைக்குப் போய், அங்கே இருக்கும் மிஷின் எப்படி ஓடுகிறது, எப்படி நிற்கிறது, எந்தக் குழியில் எந்த வாயு தேங்கும் என்று தெரியாமல் திணறினார்கள். அதனால் அதற்கென்றே பாடம். விசேஷம் என்னவென்றால் பாடத்தில் முக்கால்வாசி வைத்தியம் இல்லை. மிஷினை எப்படி அணைப்பது, அணைத்த பிறகு மறுபடி சுழலாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, உதவிக்குப் போகிறவன் எப்படிச் சாகாமல் இருப்பது. இந்த மூன்றாவது பாடம் நமக்கு ரொம்ப அவசியம்.

ஏன் என்று கேட்கிறீர்களா? கிணறு.

செஞ்சிப் பக்கத்துக் கிணறுகளை எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? எனக்குத் தலை சுற்றும். பாறையை வெடி வைத்துப் பிளந்து, உள்ளே இன்னும் உள்ளே போயிருப்பார்கள். தூர் வார ஒருவர் இறங்குவார். தண்ணீர் இறைக்க டீசல் இன்ஜினையே உள்ளே இறக்கியிருந்தால், அதன் புகையிலிருக்கும் கார்பன் மோனாக்ஸைடு கிணற்றுக்குள்ளேயே தங்கியிருக்கும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. இறங்கினவர் மயங்கி விழுவார். மேலே இருந்து பார்த்த தம்பி, 'அண்ணே' என்று கத்திக்கொண்டு இறங்குவார். அவரும் விழுவார். அவரைப் பார்த்து மச்சான் இறங்குவார். பத்திரிகைகளில் 'கிணற்றில் இறங்கிய மூவர் பலி' என்று அடிக்கடி படிக்கிறோமே, அதில் விபத்தில் மாட்டினவர் ஒருவர்தான். மற்ற இருவர் பாசத்தால் போனவர்கள்.

ஊரில் ஒரு பழைய சோதனை உண்டு. விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது. அணைந்தால் பிராணவாயு இல்லை, இறங்காதே. நல்ல சோதனைதான். ஆனால் விளக்கு எரிகிறதே என்று இறங்கவும் முடியாது. கார்பன் மோனாக்ஸைடு விளக்கை அணைக்காமல் ஆளை மட்டும் அணைக்கும். இரண்டாவது ஆள் இடுப்பில் கயிறு கட்டாமல், மூச்சுக் கருவி இல்லாமல் இறங்கக் கூடாது. தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்துவிட்டு மேலே நிற்க வேண்டும். எழுத எனக்குச் சுலபமாக இருக்கிறது. உள்ளே கிடப்பது அண்ணன் என்றால் நிற்க முடியுமா? நிற்பதற்குத்தான் பயிற்சி. ஓடுவதற்கு யாருக்கும் பயிற்சி தேவையில்லை.

கரண்ட்டும் இப்படியே. மோட்டார் கொட்டாயில் ஒருவர் ஒட்டிக்கொண்டு நடுங்கும்போது, தொட்டு இழுப்பவரும் சேர்ந்து நடுங்குவார். முதலில் மெயினைப் பிடுங்க வேண்டும். மெயின் எங்கே இருக்கிறது என்பது கணவருக்கு மட்டும் தெரியும், ஒட்டிக்கொண்டிருப்பது கணவர்! அதனால் வீட்டு அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் அந்தக் கட்டையை ஒருநாள் காட்டி வைப்பது ஆயிரம் ரூபாய் பட்டுப்புடவையைவிடப் பெரிய பரிசு. (ஆயிரம் ரூபாய்க்குப் பட்டுப்புடவை எங்கே கிடைக்கிறது என்று கடிதம் போட வேண்டாம்.)

இனி பாம்பு. கழனி விபத்தில் பாம்பு வருமா என்று கேட்காதீர்கள். வரப்பில் நடக்கிறவருக்கு அதுவும் வேலைக் களத்து விபத்துதான். 2020-ல் வெளியான ஓர் ஆய்வின்படி 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர். சராசரியாக வருஷத்துக்கு 58,000. பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள், மழைக்காலத்தில். 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக் கடியை 'அறிவிக்க வேண்டிய' நோய்ப் பட்டியலில் சேர்த்தது. அதாவது ஆஸ்பத்திரிகள் கணக்குக் கொடுத்தாக வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பயிற்சி கொடுக்கிறவர்கள் இதைத்தான் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும் என்பது என் அபிப்பிராயம். கதிரடிக்கும் மிஷினில் கை போய் ரத்தம் பீறிட்டால், முதலில் துணியை வைத்து அழுத்த வேண்டும். அழுத்தியும் நிற்காமல் உயிர் போகிற மாதிரி ஓடினால், காயத்துக்கு மேலே அகலமான துணியால் இறுக்கிக் கட்டி, கட்டின நேரத்தை எழுதி வைக்க வேண்டும். அந்தக் கட்டு உயிரைக் காப்பாற்றும். அடுத்த வாரம் அதே ஆள், அதே உற்சாகத்தில், பாம்பு கடித்தவருக்கும் அதே மாதிரி இறுக்கிக் கட்டுவார். அந்தக் கட்டு காலை அழுகவைக்கும். கண்ணாடிவிரியன் விஷம் ஏற்கெனவே கடித்த இடத்துச் சதையைக் கெடுத்துக்கொண்டிருக்கும்போது ரத்த ஓட்டத்தையும் நிறுத்தினால் என்ன ஆகும்? கட்டை அவிழ்த்த நிமிஷத்தில் தேங்கிய விஷம் மொத்தமாகப் புறப்படவும் செய்யும். ஒரே துண்டு, ஒரே முடிச்சு. ஒரு இடத்தில் வைத்தியம், இன்னொரு இடத்தில் வினை. சினிமாவில் கதாநாயகன் கதாநாயகியின் காலில் வாய் வைத்து விஷத்தை உறிஞ்சித் துப்புவதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாம். டைரக்டர்களுக்கு அது டூயட்டுக்கு முந்தின சீன். உண்மையில் உறிஞ்சக் கூடாது, கீறக் கூடாது, கட்டக் கூடாது. எலும்பு முறிந்தவருக்குச் செய்கிற மாதிரி காலை அசையாமல் வைத்து, நடக்க விடாமல், விஷமுறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

அங்கே டாக்டர் கொஞ்சம் ரத்தத்தை எடுத்துச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு இருபது நிமிஷம் ஆடாமல் அசையாமல் வைப்பார். பிறகு சாய்த்துப் பார்ப்பார். உறையாமல் ஓடினால் விரியன் வேலை. ஸ்கேன் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, ஒரு கண்ணாடிக் குழாயும் கடிகாரமும்தான். பிளாஸ்டிக் குழாய் உதவாது, சோப்புப் போட்டுக் கழுவின குழாயும் ஏமாற்றும். எனக்கு இந்தச் சோதனையை ரொம்பப் பிடிக்கும். 'இருபது நிமிஷமா ஒண்ணுமே செய்யாம வேடிக்கை பார்க்கறாங்க' என்று டாக்டரிடம் சண்டைக்குப் போகிற உறவினர்களுக்கு இதை யாராவது சொல்லி வையுங்கள்.

விஷமுறிவு மருந்துக்கு மூலப்பொருளான விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்கள் நம்ம ஊர் இருளர்கள்தான். 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் இருக்கிறது. அதைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. கிராமத்து ஆளின் கைத்திறனை நவீன வைத்தியம் கைகட்டிக் கேட்டுக்கொண்ட இடம் அது. மெக்கானிக் விஷயத்தில் ஏன் அது நடக்கக்கூடாது?

அறுந்த விரல் கதைக்கு வருகிறேன். மனசு இளகினவர்கள் இரண்டு பாரா தாண்டிப் போகலாம்.

விரல் துண்டானால் ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். விரல் கழனியிலேயே கிடக்கும். யாராவது விவரமானவர் விரலையும் எடுத்தால், 'ஐஸில் வை' என்று எங்கோ கேட்டது ஞாபகம் வந்து, மீன் மாதிரி ஐஸ் கட்டிக்குள் நேராகப் புதைத்துக் கொண்டு வருவார். உறைந்துபோன விரல் ஒட்டாது. ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீருக்குள் வைக்க வேண்டும். விரல் ஐஸைத் தொடவே கூடாது. பெட்டிக்கடைப் பிளாஸ்டிக் பையும், சோடாக் கடை ஐஸும் இருந்தால் போதும். குளிர்ச்சியாக வைத்த விரலுக்கு நேரம் நிறைய உண்டு. ஆனால் முழங்கைக்கு மேலே போனால், சதை அதிகம் என்பதால், சில மணி நேரம்தான்.

ஒட்டுவதற்கு இடமும் தமிழ்நாட்டில் இருக்கிறது. சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆர். வெங்கடசாமி கைக்கென்றே ஒரு பிரிவை 1970-களில் வளர்த்தெடுத்தார். வெளிநாட்டு டாக்டர்கள் வந்து கற்றுக்கொண்டு போன இடம். அங்கேதான் 2018-ல், மின்சாரம் பாய்ந்து இரண்டு கையும் இழந்த ஒரு கொத்தனாருக்கு வேறொருவரின் இரண்டு கைகளைப் பொருத்தினார்கள். கோயமுத்தூர் கங்கா ஆஸ்பத்திரியும் டாக்டர் ராஜா சபாபதியும் இந்த வித்தையில் உலகப் பிரசித்தம். இவ்வளவு பெரிய வித்தைக்காரர்கள் ஒரு பக்கம் காத்திருக்க, இன்னொரு பக்கம் விரல் வரப்பில் கிடக்கிறது. நடுவில் இல்லாதது ஒரு பிளாஸ்டிக் பை. வயிற்றெரிச்சலாக இல்லை?

அரசாங்கத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் 108 வந்ததற்கு முன்னால் கிராமத்தில் ஆம்புலன்ஸ் என்றால் கட்டை வண்டி, அதற்கு அடுத்து யாராவது முதலாளியின் அம்பாஸடர். விழுப்புரத்துக்காரர்களுக்கு 2010 முதல் முண்டியம்பாக்கத்தில் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. 2021 டிசம்பரில் 'நம்மைக் காக்கும் 48' என்று ஒரு திட்டம் வந்தது. விபத்தில் சிக்கினவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவச வைத்தியம், பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும்கூட. அருமையான திட்டம். ஆனால் அது சாலை விபத்துக்கு. உதவி செய்யப் போனவரைப் போலீஸ், கோர்ட் என்று அலைக்கழிக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் ஒரு பிரிவு சேர்த்தார்கள். அதுவும் மோட்டார் வாகன விபத்துக்கு. தொழிற்சாலையில் விபத்து நடந்தால் எழுதி அனுப்ப வேண்டும் என்று 1948-லேயே சட்டம் வந்துவிட்டது. அது தொழிற்சாலைக்கு.

ஆக, டிராக்டர் தார் ரோட்டில் கவிழ்ந்தால் ஒரு கணக்கு. அதே டிராக்டர் பத்தடி தள்ளி வரப்பில் கவிழ்ந்தால் வேறு கணக்கு. ஆகவே கவிழ்கிற டிராக்டரைக் கொஞ்சம் ரோட்டுப் பக்கமாகத் திருப்பிக்கொள்வது நல்லது என்று ஆலோசனை சொல்லலாமா என்று பார்க்கிறேன். பாம்புக் கடிக்கு 2024-ல் ஒரு பதிவேடு வந்ததே, அது மாதிரி கழனி மிஷினில் போகும் கைக்கும் காலுக்கும் ஒன்று வேண்டும். எத்தனை பேர், எந்த மிஷின், எந்த மாசம் என்று தெரியாமல் யாருக்கு என்ன பயிற்சி கொடுப்பது?

மெக்கானிக்கிடம், "ஒருநாள் முதலுதவிப் பயிற்சி வைத்தால் வருவீர்களா?" என்று கேட்டேன்.

"வரேன் சார். ஆனா எனக்கும் ஒரு மணி நேரம் குடுக்கணும். இந்த 108 புள்ளைங்களுக்கு டில்லரை எப்படி நிறுத்தறது, டிராக்டர் சாவி இல்லாம எப்படி அணைக்கறது, கரும்பு மிஷின்ல கை போனா எந்த நட்டை லூஸ் பண்றதுன்னு நான் சொல்லித் தரேன். அவங்க எனக்குக் கட்டுப் போடச் சொல்லித் தரட்டும்."

இதைவிட நல்ல பாடத்திட்டத்தை எந்தக் கமிட்டியும் போடாது. அறுவடை மிஷின்காரர்கள், ஜே.சி.பி. ஓட்டுகிற பையன்கள், மோட்டார் காயில் கட்டுகிறவர், மகளிர் குழு அம்மாக்கள், மருந்துக் கடைக்காரர் இவர்களை உட்கார வைத்து அரை நாள். பூச்சி மருந்து மேலே கொட்டினால் துணியைக் கழற்றி சோப்புப் போட்டுக் கழுவு, வாந்தி எடுக்க வைக்காதே, டப்பாவை மறக்காமல் கொண்டு வா, அதில் சிவப்பு முக்கோணமா பச்சை முக்கோணமா பார். இதற்கு அரங்கம் வேண்டாம், குத்துவிளக்கு வேண்டாம். களத்துமேடு போதும். மிஷின் அங்கேயே நிற்கும்.

கடைசியாக ஒன்று. 108 தம்பி சொன்ன பெரிய தலைவலி, வழி கண்டுபிடிப்பது. போனில் அழுதுகொண்டே, "நம்ம பெரியவர் கொல்லைதாங்க, வேப்பமரம் இருக்கும் பாருங்க" என்பார்களாம். அந்த வட்டாரத்தில் எல்லோருமே ஒருவகையில் பெரியவர், எல்லாக் கொல்லையிலும் வேப்பமரம். கழனிக்கு ஏது கதவு எண்? எனக்கு ஒரு யோசனை தோன்றியது. மோட்டார் கொட்டாய்க்கு மின்வாரியத்தின் இணைப்பு எண் உண்டே! அதைப் பெரிய எழுத்தில் கொட்டாய்ச் சுவரில் எழுதி வைத்து, அந்த எண்ணைச் சொன்னால் இடம் தெரிகிற மாதிரி 108-க்காரர்களும் ஒரு பட்டியல் வைத்துக்கொண்டால், வேப்பமரத்தைத் தேட வேண்டாமே.

பக்கத்தில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த விவசாயி ஒருவரிடம் இந்த மகத்தான யோசனையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். புகையை விட்டார்.

"எழுதலாம் சார், நல்லதுதான். ஆனா அதைப் பார்த்து மீட்டர் மாட்ட வந்துட மாட்டாங்களே?"